எழுபது தாண்டிய அம்மாவின் கைக்கு என்ன வேலை கொடுப்பது?

தேரிக்காட்டுக்காரி | வியாழன், இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. ஊர் திசையன்விளைப் பக்கம், வீட்டைச் சுற்றிப் பனையும் செம்மணலும்தான். போன வருடம் அப்பா தவறிய பிறகு அவளைத் தனியாக விட மனசு கேட்காமல் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்துவிட்டேன். எங்களுடையது மூன்றாவது மாடி. வந்த புதிதில் எல்லோரிடமும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது காலையில் காப்பி குடித்ததும் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் கையை மடியில் வைத்தபடி மத்தியானம் வரை அப்படியே இருக்கிறாள். டிவி ஓடும், பார்க்கிறாளா என்று தெரியவில்லை. டாக்டரிடம் காட்டினோம். சர்க்கரை, பிரஷர் எல்லாம் கட்டுக்குள்தான் இருக்கிறது, மனசு எதிலாவது ஒட்ட வேண்டும், கைவேலை, பாட்டு, படம் வரைவது என்று எதையாவது செய்யச் சொல்லுங்கள் என்றார்.

சரி என்று கடைக்குப் போய்ப் பெரியவர்கள் கலர் அடிக்கிற புத்தகம் ஒன்றும் பென்சில் பெட்டியும் வாங்கி வந்தேன். ஒரு பக்கம் புரட்டினாள். "நான் என்ன பால்வாடிப் பிள்ளையாட்டி?" என்று கேட்டு மூடி வைத்துவிட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நாற்பது வருடம் பனையோலையில் கடகமும் கொட்டானும் மூடி போட்ட பெட்டியும் முடைந்தவள் அவள். எங்கள் ஊரில் எத்தனையோ கல்யாணத்துக்கு அவள் முடைந்த பெட்டியில்தான் பலகாரம் போயிருக்கிறது. அப்படிப்பட்ட கையில் போய் யாரோ வரைந்து வைத்த பூவைக் கொடுத்து உள்ளே கலர் அடி என்று சொல்லியிருக்கிறேன். ஓலை வாங்கித் தரட்டுமா என்று கேட்டாலும் "அதெல்லாம் போதும்ட்டி" என்கிறாள்.

என் கேள்வி இதுதான். இந்த மாதிரி வேலைகளால் வயதானவர்களுக்கு உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை பிள்ளைகள் மனசைத் தேற்றிக்கொள்வதற்காகச் சொல்வதா? உங்கள் வீட்டில் எது பலித்தது?

குறுக்குத்துறைப் படித்துறை | வியாழன், இரவு 10.25

நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பத்து வருடம் பெரும்பாலும் வயதானவர்களோடுதான் வேலை. பலன் உண்டு தங்கச்சி, ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

2003-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள், பலகையில் காய் நகர்த்தி ஆடுகிறவர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள், நடனம் ஆடுகிறவர்கள், இவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்தது. அப்புறம் ஜீன் கோஹன் என்ற முதியோர் மனநல மருத்துவர் வாஷிங்டனில் பாட்டுக் குழுவில் சேர்ந்த பெரியவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டு 2006-ல் எழுதினார். அவர்களில் பெரும்பாலோருக்கு 80 வயதை ஒட்டி இருக்கும். பாடியவர்கள் டாக்டரிடம் போனது குறைவு, சாப்பிட்ட மாத்திரை குறைவு, கால் தவறி விழுந்ததும் குறைவு. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கையே போட்டது.

ஆனால் ஒன்று. அம்மா ஓலையைத் தொட மாட்டேன் என்பதை மனசுச் சோர்வு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் புரை விழுந்திருக்கிறதா, விரல் நுனி மரத்துப்போகிறதா, காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். "எனக்குத் தெரியலை" என்று சொல்ல வெட்கப்பட்டு "எனக்கு வேண்டாம்" என்று சொன்ன எத்தனையோ ஆச்சிகளைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை உள்ளவர் என்றால் விரல் உணர்ச்சியை அவசியம் சோதிக்கச் சொல்லுங்கள், ஓலையைக் கீற்றாக வார்கிற கத்தி கீறினால்கூடத் தெரியாது.

வடக்கு ரதவீதி | வெள்ளி, காலை 6.10

எங்கள் ஆச்சிக்கு வெள்ளிக்கிழமை பஜனைதான் மருந்து. வியாழக்கிழமையே சேலை எடுத்து வைத்துவிடுவாள். வேறு எதுவும் நாங்கள் செய்யவில்லை.

முக்கூடல் மகன் | வெள்ளி, காலை 11.05

நான் வேறு மாதிரி நினைக்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் அம்மா 12 வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள். மடியில் தட்டு, கையில் கத்திரி. இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் போட்டு, சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. கடையில் கொண்டு போடும்போது இது சரியில்லை அது சரியில்லை என்று கழித்தது போகத்தான் கூலி. என்னையும் என் தங்கச்சியையும் படிக்க வைத்தது அந்தத் தட்டுதான். இப்போது 70 வயதில் கழுத்து நேராக நிற்காது, விரல் முழுசாக மடங்காது, இருமலும் விடுவதில்லை. அவளைப் பார்த்து "ஏதாவது கைவேலை செய்யும்மா, மனசுக்கு நல்லது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது அவள் பாடுபட்டுச் சம்பாதித்தது. இந்தப் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேருடைய கதை இதுதான், அவர்களை மறுபடியும் வேலை வேலை என்று விரட்டாமல் இருந்தால் போதாதா?

ஆராய்ச்சி பற்றியும் ஒரு கேள்வி. உடம்பும் மூளையும் நன்றாக இருக்கிறவர்கள்தானே வாத்தியம் வாசிக்கவும் ஆடவும் போவார்கள்? நன்றாக இருப்பதால் ஆடுகிறார்களா, ஆடுவதால் நன்றாக இருக்கிறார்களா?

குறுக்குத்துறைப் படித்துறை | வெள்ளி, மதியம் 2.30

கேள்வி நியாயமானது தம்பி. நான் சொன்ன 2003 ஆய்வில் இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. அதனால்தான் டெனிஸ் பார்க் என்ற பேராசிரியை அமெரிக்காவில் வேறு மாதிரி செய்து பார்த்தார். 2014-ல் வெளியானது. 60 முதல் 90 வயது வரை 221 பேர். யார் எதைச் செய்வது என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விடாமல் குழுக்களாகப் பிரித்தார்கள். சிலர் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டார்கள், சிலர் டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்க, சிலர் இரண்டையும். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு குழு அதே அளவு நேரம் ஒன்றாகக் கூடிப் பேசி விளையாடி வெளியே போய் வந்தது, புதிதாக எதையும் கற்கவில்லை. முடிவில் நினைவாற்றல் கூடியது கற்றுக்கொண்டவர்களுக்குத்தான், அதிலும் கேமரா கற்றவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. கூடிப் பேசியது மனசுக்கு நல்லதுதான், ஆனால் நினைவாற்றலுக்கு அது மட்டும் போதவில்லை. கொஞ்சம் திணற வைக்கிற வேலையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னது மனசைத் தொட்டது. அவரை வேலை செய்யச் சொல்லாதீர்கள், நீங்கள் சொல்வதுதான் சரி. பீடியில் அவர் கை ஓடியது, ஆனால் எண்ணிக்கையும் அளவும் இன்னொருவர் வைத்தது. அவருக்காக அவர் செய்துகொண்டது என்று ஏதாவது இருந்ததா? அதை மட்டும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

பத்தமடைப் பேத்தி | வெள்ளி, இரவு 8.15

முக்கூடல் அண்ணனுக்கும் தேரிக்காட்டு அக்காவுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் நன்னியம்மா, அதாவது பாட்டி, பாய் நெய்கிறவர். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்று எல்லோரும் பெருமைப்படுகிறோம், ஆனால் அந்த மெல்லிய பாய் எப்படி வருகிறது என்று பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். கோரையைப் பச்சையாக இருக்கும்போதே கீறி, காய வைத்து, கட்டாகக் கட்டி ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து மறுபடி உலர்த்தி, ஒவ்வொரு கீற்றையும் நூல் மாதிரி இழைத்து எடுக்க வேண்டும். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பேரை நெய்து சேர்ப்பார்கள். அந்த எழுத்து வளைவில் ஒரு கோரை மாறினாலும் பேர் கெட்டுவிடும்.

நன்னியம்மாவுக்கு 68 வயதில் கண் மங்கி மெல்லிய பாய் முடியாமல் போனது. ஒரு வருடம் தறிப்பக்கமே வரவில்லை. யாரிடமும் பேச மாட்டார், சாப்பாட்டில் குற்றம் சொல்வார், நாங்களும் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அப்புறம் என் மாமி பாய் நெய்யும்போது இடையில் ஏதோ பிசகிவிட்டது. நன்னியம்மா வந்து கண்ணால் பார்க்கவே இல்லை, விரலால் தடவியே "இங்க ரெண்டு கோரை முறுக்கா விழுந்திருக்கு பாரு" என்று சொன்னார். அன்றிலிருந்து மாமி நெய்கிற ஒவ்வொரு பாயையும் கடைசியில் அவர் தடவிப் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே போகும். இப்போது 77. தறியில் உட்கார்வதில்லை, ஆனால் எனக்குச் சாயம் போடச் சொல்லிக் கொடுத்தது அவர்தான், சப்பாங்கக் கட்டையில் சிவப்பு எப்படி எடுப்பது என்று அளவு எல்லாம் கைக்கணக்குத்தான்.

கை ஓடாவிட்டாலும் அந்தக் கையில் இருந்த அறிவு அப்படியே இருக்கிறது அக்கா. அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

கூந்தன்குளத்து நாரை | சனி, காலை 5.50

நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் அந்த 'வயதானவர்களில்' நானும் ஒருவன். வயது 71. இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்குச் சட்டை போட்டுவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது ஆறு மாதம் நீடித்தது. மகன் பழைய கேமரா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் எனக்குப் பக்கம்தான். சின்ன வயதிலிருந்து பார்த்த இடம், ஆனால் ஒரு பறவையையும் நின்று பார்த்தவனில்லை. முதல் மாதம் நான் எடுத்த படம் எல்லாம் கலங்கலான வெள்ளைப் புள்ளிகள். வெளிச்சம் எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு வேகத்தில் மூட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு முழுசாக ஒரு பருவம் ஆனது. செவிலியர் அம்மா கேமரா பற்றிச் சொன்னதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, அந்தத் திணறலை நான் அனுபவித்திருக்கிறேன். செங்கால் நாரை எது, மஞ்சள் மூக்கு நாரை எது என்று அப்போது தெரியாது. இப்போது மஞ்சள் மூக்கு நாரை ஊருக்குள் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சுக்கு இரை கொடுப்பதை வருடா வருடம் எடுக்கிறேன், தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்து இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து இறங்கும் நாளைக் குறித்து வைக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். நான் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். எங்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று எதையாவது கையில் திணிக்காதீர்கள். அது எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படுகிற ஒன்றைக் கேளுங்கள், நாங்கள் தப்பாகச் செய்தால் தப்பு என்று சொல்லுங்கள். நன்றாக இருக்கிறது நன்றாக இருக்கிறது என்று எதற்கெடுத்தாலும் தலையாட்டுவதைப் போல மனசை வாட்டுவது வேறில்லை.

கொடைவிழா | சனி, காலை 10.20

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இந்த இழையைப் பார்த்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவர், பின்பாட்டும் பாடுவார். பங்குனி, சித்திரை, ஆடி என்று கோயில் கொடைவிழா நடக்கிற மாதங்களில் வீட்டில் இருக்கவே மாட்டார். 66 வயதில் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போனது. கை கால் ஓரளவு தேறியது. பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூட வாயைத் திறந்து திணறி, கண்ணில் நீர் வந்து, கையால் தலையில் அடித்துக்கொள்வார். அதைப் பார்ப்பதைவிடக் கொடுமை எதுவும் இல்லை. 

ஐந்தாவது மாதம் குழுவில் அவரோடு இருந்த அண்ணாவி, அதாவது முன்னால் இருந்து பாடுகிற தலைமைப் பாடகர், பார்க்க வந்தார். பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், முடியவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டே சுடலைமாடன் கதையில் ஓர் இடத்தை மெல்ல எடுத்தார். வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், அண்ணாவி ஒரு வரி சொன்னால் பின்னால் இருப்பவர்கள் "ஆமா" என்று ஏற்க வேண்டும். மூன்றாவது வரியில் அப்பா "ஆமா" என்றார். எங்கள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அடுத்த வரிக்கும் சொன்னார். அப்புறம் பின்பாட்டில் அரை வரியே வந்துவிட்டது, சொல் குழறித்தான் வந்தது, ஆனால் மெட்டு பிசகவில்லை. இடது கையால் தொடையில் தாளம் போட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிட வா, தண்ணி வேணுமா எல்லாவற்றையும் அந்த மெட்டிலேயே கேட்க ஆரம்பித்தோம். பாட்டாகக் கேட்டால் பாட்டாகப் பதில் வந்தது. எட்டு மாதத்தில் சின்னச் சின்னச் சொல் பாட்டில்லாமலும் வந்தது. முழுசாகக் குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன சித்திரைக் கொடையில் குழுவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம், விடிய விடிய "ஆமா" சொன்னார்.

குறுக்குத்துறைப் படித்துறை | சனி, காலை 11.00

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நீங்கள் உங்களை அறியாமல் செய்தது ஒரு மருத்துவ முறைதான். இடது மூளையில் பேச்சுக்கான பகுதி அடிபட்டவர்களில் பலருக்குப் பேச வராவிட்டாலும் பாட வரும். அதை வைத்துச் சொல்லை மெட்டில் ஏற்றி, தட்டிக்கொண்டே சொல்லப் பழக்கி, பிறகு மெட்டைக் குறைக்கிற பயிற்சியை 1973-லேயே அமெரிக்காவில் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பலிக்காது. பேச்சுப் பயிற்சியாளர் துணையோடு செய்தால் நல்லது, அப்பாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

முக்கூடல் மகன் | ஞாயிறு, இரவு 7.45

அம்மாவிடம் கேட்டேன். உனக்காக நீ என்னம்மா செஞ்சே என்று கேட்டதும் முதலில் என்ன கேள்வி இது என்பது போலப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, பீடி சுற்ற உட்காருவதற்கு முன்னால் அவளுடைய அம்மாவோடு நடவுக்குப் போவாளாம், அங்கே பாடுவார்களாம், நடவுக்காரர்கள் எல்லோருக்கும் இவள்தான் முதல் வரி எடுத்துக் கொடுப்பாளாம். 12 வயதுக்கு முன்னால்! எனக்கு 43 வயது, இத்தனை வருடத்தில் அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. பாடச் சொன்னேன். இருமிக்கொண்டே பாடினாள். செல்போனில் நான்கு நிமிடம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது, நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்பி அந்த வரியைச் சொன்னாள்.

நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. அவள் ஓய்வு அவளுக்குத்தான் சொந்தம். ஆனால் கேட்காமலே இருந்தது என் தப்பு.

பத்தமடைப் பேத்தி | ஞாயிறு, இரவு 8.05

அண்ணா, பாட்டை எழுதியும் வையுங்கள். பாளை சேவியர் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது, இந்த மாதிரிப் பாட்டுகளின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

தேரிக்காட்டுக்காரி | புதன், இரவு 10.10

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கண் டாக்டரிடம் போனோம். இடது கண்ணில் புரை ஆரம்பம், இப்போதைக்கு அவசரம் இல்லை, கண்ணாடி மாற்றினால் போதும் என்றார். விரல் நன்றாக இருக்கிறது. அப்படியானால் காரணம் வேறு என்று தெரிந்துவிட்டது.

என்னிடம் அம்மா முடைந்த பழைய கொட்டான் ஒன்று இருக்கிறது, என் கல்யாணத்துக்குக் கொடுத்தது. வெங்காயம் போட்டு வைத்து வைத்து விளிம்பு பிய்ந்துவிட்டது. அதைத் தூக்கிப்போட எனக்கு மனசில்லை. ஊரிலிருந்து தெரிந்தவர் மூலம் நாலைந்து ஓலை வரவழைத்து, நேற்று மத்தியானம் நானே ஒட்டுப்போட உட்கார்ந்தேன். அம்மாவைக் கவர வேண்டும் என்று நடிக்கவில்லை, எனக்கு அது உண்மையாகவே வேண்டும். ஓலையைத் தண்ணீர் தெளிக்காமல் மடக்கினேன், ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தேன், ஈர்க்கோடு சேர்த்துக் கிழித்துவிட்டேன். ஜன்னல் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "ஏட்டி, அத அப்படியா வாருவாவ? கொண்டா இங்க."

வாங்கினாள். ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தாள். அந்தக் கால் மணி நேரத்தில்தான் பேசினாள். நான் ஏன் முடைய மாட்டேன் என்று இத்தனை நாள் சொன்னேன் தெரியுமா என்று கேட்டாள். "குருத்தோலை வெட்டி, காய வச்சு, வார்ந்து என் கையில குடுக்கது உங்கப்பாதான். நாப்பது வருசமா நான் கத்தியத் தொட்டதே இல்ல. ஓலையப் பாத்தா அவிய வந்து பக்கத்துல இருக்க மாதிரி இருக்கு. அதான்." 

நான் என்ன சொல்வது? இரண்டு பேரும் அழுதோம். இது எனக்குத் தெரியவே தெரியாது. கலர் புத்தகம் வாங்கிய அன்றைக்கு இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் கத்தியை என்னிடம் கொடுத்து, "நீ வாரு" என்றாள். நான் வார்ந்தேன், ஒன்று அகலம் ஒன்று ஒல்லி. எல்லாவற்றையும் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு மூன்றே மூன்றைத் தேர்ந்தெடுத்து விளிம்பைக் கட்டினாள். முடிக்கும்போது மணி ஐந்து. டிவி போடவே இல்லை. இன்று காலையில் காப்பி குடித்துவிட்டு ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள், ஆனால் நேற்று நான் கெடுத்த ஓலைத் துண்டுகளை மடியில் வைத்துக் கிலுகிலுப்பை ஒன்று முடைந்துகொண்டிருந்தாள். கீழ்வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அந்தக் குழந்தையின் பேர்கூடத் தெரியவில்லை.

இப்போது ஓலை தீர்ந்துவிட்டது. "கடைசல் ஓலை வேண்டாம், நல்ல குருத்தா ரெண்டு கட்டு கெடைக்குமான்னு பாரு, நீ வார்ந்து பழகணும்லா" என்கிறாள். பாளையில் எங்கே விசாரிப்பது என்று யாருக்காவது தெரியுமா?

உவரிக்கரை | புதன், இரவு 10.35

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன் அக்கா. எங்கள் தோட்டத்தில் பனை நிற்கிறது, ஏறுகிற அண்ணாச்சி வெள்ளிக்கிழமை வருகிறார். குருத்து இரண்டு கட்டு வெட்டி நிழலில் போட்டு வைக்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாளையில் ஒரு வேலை இருக்கிறது, கொண்டு வந்துவிடுகிறேன். எத்தனை முழம் நீளம் வேண்டும் என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

தேரிக்காட்டுக்காரி | புதன், இரவு 10.50

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன், உள்ளேயிருந்து பதில் வருகிறது. நீளம் கிடக்கட்டுமாம், ஒரே மரத்து ஓலையாக இருக்க வேண்டுமாம்.